கேமரன் மலையில் மழை பிறப்பது எவ்வாறு?

வள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் அருமையை உணர்த்த இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் மலைநாட்டில் வாழும் நமக்கு மழை இருமுகம் உடையது. தேயிலை துளிர்ப்பதும் மழையால். சரிவு இடிந்து சாலை மறைவதும் மழையால். நம்மை வாழ்விக்கவும் வருத்தவும் வல்ல ஒன்றை நாம் நன்கு அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? திரிங்காப்பில் பெய்யும் மழை எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் எவ்வாறு பெய்கிறது, அதன் வருகையை நாம் எவ்வாறு முன்கூட்டி அறியலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூடுபனியும் மேகமும் ஒன்றே

காற்றில் எப்போதும் நீராவி கலந்துள்ளது. அது கண்ணுக்குப் புலப்படாது. வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தன்னுள் தாங்கும். குளிர்ந்த காற்று சிறிதளவே தாங்கும். ஆதலால் காற்று குளிரும்போது, தாங்க முடியாத நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவது இக்காரணத்தினாலேயே.

காற்று மேலே ஏறினால் குளிரும். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையவே காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுகிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது, அமுக்கப்படும் காற்றினால் குழாய் சூடேறுவதைக் கண்டிருப்போம். இது அதற்கு நேர்மாறான நிகழ்ச்சியாகும். நீர்த்துளி தோன்றாத காற்று ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிர்கிறது.

ஈப்போவைச் சுற்றியுள்ள சமவெளியில் நண்பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலெழுகிறது எனக் கொள்வோம். பெரும்பாலான நாள்களில் அது 1,000 மீட்டருக்குச் சற்று மேலே சென்றதும், அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கிவிடும். சமவெளியில் நிற்பவருக்கு அது தலைக்கு மேலே மிதக்கும் மேகம். நம் ஊர்களோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. ஆகவே கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்கும் மேகத்தின் உள்ளேயே நாம் நடந்து செல்கிறோம். பிற்பகலில் சரிவின் மீது ஏறிவந்து தேயிலை நிரைகளை மறைக்கும் மூடுபனி, மேகமே அன்றி வேறில்லை.

மேகத்துளி மிகச் சிறியது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். அத்தகைய துளிகள் ஏறத்தாழ பத்து இலட்சம் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். மூடுபனி நம் சட்டையை நனைக்காமல் ஈரமாக்குவதற்கும், மழை சில நொடிகளில் நம்மைத் தொப்பலாக நனைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

காற்றுத் திரள்கள்

ஒரு நிலப்பரப்பின் மீதோ கடற்பரப்பின் மீதோ காற்று பல நாள்கள் தங்கினால், அந்த இடத்தின் தன்மையையே அது பெற்றுவிடும். பனி உறைந்த சைபீரியாவின் மீது தங்கிய காற்று குளிர்ச்சியும் வறட்சியும் உடையதாகும். வெப்பக் கடலின் மீது தங்கிய காற்று வெப்பமும் ஈரமும் உடையதாகும். இவ்வாறு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரே தன்மையுடன் பரந்திருக்கும் காற்றைக் காற்றுத் திரள் என்பர்.

எண்ணெயும் நீரும் போலவே, தன்மையில் வேறுபட்ட இரு காற்றுத் திரள்கள் சந்தித்தால் எளிதில் கலப்பதில்லை. கனமான குளிர்காற்று கீழே தங்க, இலேசான வெப்பக்காற்று அதன் மேல் ஏறுகிறது. அவை சந்திக்கும் எல்லைக்கு முகப்பு என்பது பெயர். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் பியர்க்னஸ், அவர் மைந்தர் ஜேக்கப் பியர்க்னஸ் முதலிய அறிஞர்கள், முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இக்கொள்கையை உலகிற்கு அளித்தனர். இரு படைகள் எதிர்த்து நிற்கும் போர்முனையை நினைவூட்டியதால் அப்பெயரைச் சூட்டினர்.

வெப்பக்காற்று முன்னேறிக் குளிர்காற்றின் மீது ஏறுமானால், அதனை வெம்முகப்பு என்கிறோம். அந்த ஏற்றம் மிகவும் சாய்வானது. எனவே முதலில் வானின் உச்சியில் இறகு போன்ற கீற்று மேகம் தோன்றும். பின்னர் வானம் முழுவதும் படுகை மேகம் போர்த்திக்கொள்ளும். அதன் பின் மெல்லிய மழை பல மணி நேரம் நின்று பெய்யும். மாறாக, குளிர்காற்று ஆப்புப் போல வெப்பக்காற்றின் அடியில் பாய்ந்து அதனை விரைந்து தூக்குமானால், அது குளிர்முகப்பு. அங்கே திரள் மேகங்கள் கோபுரம்போல் எழும்; இடியும் மின்னலும் பலத்த மழையும் சிறிது நேரமே நீடித்து நீங்கும்.

நம் மலையே ஒரு முகப்பு

அத்தகைய முகப்புகள் குளிர்நாடுகளுக்கே உரியன. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில், தீபகற்பத்தின் பெரும்பகுதியில் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் மிகக் குளிரான மாதத்தின் சராசரிக்கும் 2 பாகை வேறுபாடும் இருப்பதில்லை. ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட இரு காற்றுகள் எதிர்த்து நிற்க இங்கு இடமில்லை. பின் நமக்கு இத்தனை மழை எவ்வாறு கிடைக்கிறது?

இதற்கு விடை நம் கண்முன்னே நிற்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பு போன்றது தித்திவாங்சா மலைத்தொடர். அதன் மீதே நாம் வாழ்கிறோம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை நமக்கு அண்மையிலேயே நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் மோதும்போது மேலே ஏறுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. குளிர்நாடுகளில் குளிர்காற்று செய்யும் வேலையை இங்கே மலை செய்கிறது. அந்நாட்டு முகப்பு இடம்விட்டு இடம் நகரும். நம் முகப்போ நிலைத்து நிற்கிறது. அவ்வளவே வேறுபாடு.

மழையைத் தரும் மலை, மறுபுறத்திற்கு மழையை மறுப்பதும் உண்டு. நம் முன்னோர் பிறந்த தமிழகத்தை எண்ணிப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தை மழையால் நனைக்கிறது. மலையைக் கடந்து இறங்கும்போது அதன் ஈரம் குறைந்துவிடுவதால், தமிழகத்தின் பெரும்பகுதி அப்போது மழை மறைவில் கிடக்கிறது. அவ்வாறே நம் நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில், சுமத்திரா தீவின் மலைகள் அந்த ஈரத்தில் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்கின்றன. அதனால் அம்மாதங்களில் நமக்கு மழை குறைவு.

வடக்கிலிருந்து வரும் விருந்தாளி

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. ஆசியாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் திரளும் கனத்த காற்று, அவ்வப்போது வெள்ளம்போல் பெருக்கெடுத்துத் தெற்கு நோக்கிப் பாய்கிறது. தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீரைக் கடக்கும்போது அது சூடேறி, ஈரத்தை வாரிக்கொண்டு, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளை வந்தடைகிறது. அங்கே படுகை மேகங்கள் வானை மூட, நாள்கணக்கில் அடைமழை பெய்கிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் இத்தகைய மழையின் விளைவேயாகும்.

கிழக்குக் கரையில் பெருமளவு ஈரத்தை இழந்த பின்னரே அந்தக் காற்று நம்மிடம் வருகிறது. ஆகவே நமக்கு அது கொட்டும் மழையாக அன்றி, விட்டுவிட்டுப் பெய்யும் தூறலாகவும் குளிராகவும் பெரும்பாலும் வந்து சேர்கிறது. பருவத்தின் பின்பகுதியாகிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காற்று மேலும் வறண்டுவிடும். இரவில் மேகப் போர்வை இல்லாத வானம் நிலத்தின் வெப்பத்தை மேலே தப்பவிடுகிறது. அத்தகைய காலத்தில்தான், 1978 பிப்ரவரி 1ஆம் நாள், கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இதுவே.

பருவங்களுக்கு இடையில் வரும் பெருமழை

மழைக்காலம் என்றவுடன் பலரும் டிசம்பரையே நினைக்கின்றனர். கிழக்குக் கரைக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. கேமரன் மலையில் ஓராண்டில் ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், அதற்கு அடுத்தபடியாக ஏப்ரல், மே மாதங்களிலும் பெய்கிறது. ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று நிலைபெறும் இடைக்காலம் அது.

காற்றே இல்லாத காலத்தில் மழை எவ்வாறு மிகும்? பெருங்காற்று ஓய்ந்திருப்பதனாலேயே மிகுகிறது. காலையில் கதிரவன் சரிவுகளைச் சூடேற்ற, பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று மலைமுகடு நோக்கி ஏறத் தொடங்குகிறது. நண்பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று பேராக் சமவெளியைக் கடந்து மலையடிவாரத்தை நெருங்குகிறது. இவை முகட்டில் ஒன்றுகூடித் திரள் மேகங்களை எழுப்புகின்றன. பலத்த பருவக்காற்று வீசினால் அம்மேகங்களை அது கலைத்துக்கொண்டு போகும். இடைக்காலத்தில் கலைப்பார் இல்லை. மேகம் பிறந்த இடத்திலேயே வளர்ந்து, ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள உறைநிலை மட்டத்தைத் தாண்டி, 15,000 மீட்டர் வரையிலும் எழக்கூடும். உச்சியில் பனிப்படிகங்களும், அடியில் நீர்த்துளிகளுமாக நிற்கும் அந்தக் கார்மேகம், பிற்பகலில் தன் சுமை முழுவதையும் ஒரே பள்ளத்தாக்கின் மீது இறக்கி வைக்கிறது.

இதனை வரலாறும் மெய்ப்பிக்கிறது. 1961 மே மாதத்தில் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபரில், பெருமழையால் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்மட்டம் உயர்ந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பர் 5ஆம் நாள் பெய்த மழையில் சேறும் வெள்ளமும் ரிங்லெட், பெர்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் பாய்ந்து மீண்டும் உயிர்ச்சேதம் விளைந்தது. மே, அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்களை நோக்குங்கள். மூன்றும் மழை மிகும் இடைக்காலத்தைச் சேர்ந்தவை. ஆண்டின் எந்த மாதங்களில் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை இவை தெளிவாக உணர்த்துகின்றன.

மழைக்கு முன் வரும் குளிர்காற்று

குளிர்நாட்டு முகப்புகள் நம்மிடம் வருவதில்லை என்றோம். ஆயினும் ஒரு சிறு குளிர்முகப்பு பிற்பகலில் நம் தோட்டத்திற்கே வந்துபோகிறது. கொழுந்து பறிப்போர் அனைவரும் அதனை அறிவர். புழுக்கம் மிகுந்து, ஓர் இலையும் அசையாமல் இருக்கும். மேற்கே வானம் கறுக்கும். திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று பாய்ந்து வந்து உடலைச் சிலிர்க்கச் செய்யும். சில நிமிடங்களில் மழை கொட்டும்.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? கார்மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் தம்முடன் காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. வழியில் சில துளிகள் ஆவியாவதால் அந்தக் காற்று மேலும் குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தரையில் மோதி, மழைக்கு முன்னரே நாற்புறமும் பரவுகிறது. பரவும்போது, எதிரே உள்ள வெப்பக்காற்றின் அடியில் ஆப்புப் போல நுழைந்து அதனை மேலே தூக்குகிறது. அதனால் ஒரு மேகம் அழியும்போதே பக்கத்தில் மற்றொன்று பிறக்கிறது. 'மழை நின்றுவிட்டது' என்று நாம் வெளியே கிளம்பும் நேரத்தில் மறுபடியும் இடி முழங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே அந்தக் குளிர்காற்று, வானம் நமக்கு அனுப்பும் தூதுவன். அதனை உணர்ந்தவுடன் செய்யத்தக்கவை சில உள:

1. திறந்த சரிவிலிருந்தும் முகட்டிலிருந்தும் இறங்கிவிடுதல் வேண்டும். தனி மரத்தின் அடியில் ஒதுங்குதல் கூடாது. கொழுந்து அறுக்கும் இயந்திரத்தையும் உலோகக் கருவிகளையும் கீழே வைத்துவிட்டு விலகுதல் நன்று.

2. சுவரோடு கூடிய கட்டடமோ, கூரையுள்ள மூடிய வாகனமோதான் பாதுகாப்பான இடம். நாற்புறமும் திறந்த கொட்டகை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.

3. மின்னலைக் கண்டது முதல் இடியைக் கேட்கும் வரை நொடிகளை எண்ணுக. மூன்று நொடிகளுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவு என்பது கணக்கு. 30 நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து அண்மையில் உள்ளது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வருதல் வேண்டும்.

4. ஓடை நீர் திடீரெனக் கலங்கிச் சேற்று நிறம் கொண்டாலும், சரிவில் புதிய வெடிப்புத் தோன்றினாலும், மரங்களோ மின்கம்பங்களோ சாயத் தொடங்கினாலும், அவ்விடத்தைவிட்டு உடனே விலகிப் பிறருக்கும் அறிவித்தல் வேண்டும்.

மண்ணைக் காப்பது யார்?

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீராகும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஐந்து இலட்சம் லிட்டர் நீர் இறங்குகிறது; அதன் எடை 500 டன். அத்தனை நீரும் எங்கே செல்லும்?

அடர்ந்த காட்டில் இலைகள் மழையின் வேகத்தை அடக்க, வேர்ப்பிடிப்புள்ள மண் நீரை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. நன்கு வளர்ந்து நிலத்தை மூடிய தேயிலைச் செடிகளும் ஓரளவு அப்பணியைச் செய்கின்றன. வெட்டவெளியாக்கப்பட்ட சரிவிலோ மழைத்துளி நேரே மண்ணைத் தாக்கிப் பெயர்த்துச் செல்கிறது. பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களில் நீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி, வடிகால்களில் ஒரேயடியாகப் பாய்கிறது. இவ்வாறு அரித்துச் செல்லப்படும் மண், ஆறுகளில் கலந்து ரிங்லெட் ஏரியின் அடியில் படிகிறது. மண் நிரம்ப நிரம்ப ஏரியில் நீருக்குரிய இடம் குறைந்துவிடுகிறது. வடிகாலில் நாம் எறியும் ஒரு பிளாஸ்டிக் பையும் அந்த நீரின் வழியை அடைக்கும் என்பதை மறவாதிருப்போம். மழையின் அளவை நாம் மாற்ற இயலாது; அது செல்லும் வழியைக் காத்தல் நம் கையில் உள்ளது.

மாணவர் செய்யத்தக்க ஓர் ஆய்வு

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரக் குவளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களும் கூரையும் இல்லாத திறந்த இடத்தில், சாயாதவாறு நிறுத்துங்கள். நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, குவளையில் உள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து ஏட்டில் குறித்துவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். மழை தொடங்கிய நேரத்தையும், அதற்கு முன் கண்ட மேகத்தின் வடிவத்தையும் அருகில் எழுதுங்கள். கீற்றா, படுகையா, திரளா, கார்மேகமா? குளிர்காற்று முதலில் வந்ததா? எத்தனை நிமிடம் கழித்து மழை விழுந்தது?

ஓராண்டு முடிந்ததும் மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஏப்ரலும் அக்டோபரும் உயர்ந்து நிற்பதையும், பிப்ரவரியும் ஜூனும் தாழ்ந்து கிடப்பதையும் பெரும்பாலும் நீங்களே கண்டறிவீர்கள். உங்கள் கணக்கைத் தானா ராத்தாவில் உள்ள வானிலை நிலையத்தின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மலையைத் தாண்டினால் மழையின் அளவு மாறுவதும் அப்போது விளங்கும்.

பெற்றோரும் தோட்டத் தொழிலாளத் தோழர்களும் இப்பணியில் பிள்ளைகளுக்குத் துணைநிற்றல் வேண்டும். பல்லாண்டுகள் இச்சரிவுகளில் உழைத்தவர்கள் மேகத்தைக் கண்டே மழையின் நேரத்தைச் சொல்ல வல்லவர்கள். அந்தப் பட்டறிவைப் பிள்ளைகளின் ஏட்டில் எழுதச் செய்யுங்கள். வானிலை ஆய்வுத் துறை விடுக்கும் எச்சரிக்கைகளைப் பிள்ளைகள் வீட்டில் படித்துச் சொல்லட்டும். முதியோரின் அனுபவமும் இளையோரின் ஏடும் ஒன்று சேருமானால், இடைப்பருவ மாதங்களில் மேற்கு வானம் கறுக்கும்போது, நம் தோட்டத்தில் எவரும் சரிவில் தனித்து நிற்க நேராது.